முறிவு மருந்து

கெலமங்கலம்
14.8.1989

அன்புள்ள அண்ணனுக்கு, சுக்ராவின் ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

‘ஏழாவது மயக்கம்’ படித்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கியதைப் பார்த்து வஜிஹாவின் அத்தா வாங்கி வந்தார். அவர் படிக்கமாட்டார், உங்களுக்குத் தெரியுமே. அட்டையைக் காட்டி, “உங்கண்ணன் நம்ம பொண்ணுங்க கதையத்தான் எழுதியிருக்காரு போல” என்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் எழுதிய எதையும் நான் விட்டதில்லை. ‘விஜயதீபன்னு போடறாங்களே, அது எங்கண்ணன் அதாவுல்லாதான்’ என்று பள்ளிவாசல் தெரு முழுக்கச் சொல்லி வைத்தவளும் நான்தான். எந்தக் கதையானாலும் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இதிலும் கண்டுபிடித்திருப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். கம்பெனியில் நம் பெண்கள் ஏன் இப்படி மயங்கி விழுகிறார்கள் என்று ஓசூர் டாக்டருக்குத் தெரியவில்லை. பெங்களூரில் தலையைப் படம் எடுத்தவருக்குத் தெரியவில்லை. கம்பெனித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போன அதிகாரிகள் திரும்பியே வரவில்லை. அண்ணன் சென்னையில் பெரிய டாக்டர்களை விசாரித்திருப்பார், அதைத்தான் கதையாக்கியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை. பங்குனியில் அதற்காகத்தானே உங்களுக்கு அவ்வளவு நீளமாக எழுதினேன்?

பாதி வரைக்கும் மூச்சு விடாமல் படித்தேன். நான் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து ஒயருக்கு ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை தானாக உதறியது, ஸ்டூலிலிருந்து சரிந்தது, அப்புறம் பக்கத்து ஸ்டூல் பெண், அப்புறம் வரிசை வரிசையாக. “வயசுப் பொண்ணுங்க, எல்லாம் மனசுதாம்மா” என்று கம்பெனி டாக்டர் சொன்னதைக்கூட விடவில்லை.

அதற்கப்புறம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் ஜீப்பில் வருகிறார். ஒரே நாளில் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார். முதலில் விழுந்தவள் நடித்தாளாம். சூப்பர்வைசர் மேல் ஆசையாம். மற்றப் பெண்களை விரட்ட ஊறுகாயில் ஊமத்தை விதையை அரைத்துக் கலந்தாளாம்.

அண்ணா, முதலில் விழுந்தது என் மகள் வஜிஹா.

அந்தப் பெண்ணுக்கு வசந்தா என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இடதுகைக்காரி. அப்பாவுக்குச் சந்தையில் புளி மண்டி. கம்பெனி வேனில் டிரைவருக்குப் பின்னாலேயே அவள் சீட்டு. இதெல்லாம் யார் என்று கெலமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதை விடுங்கள். கதையே நன்றாக இல்லை. இத்தனை பெண்கள் விழுகிறார்களே, ஒருத்தியிடமாவது ‘உனக்கு என்னம்மா பண்ணுது?’ என்று யாராவது கேட்கிறார்களா? பெற்றவர்கள் ஒரே வரியில் ‘கதறினார்கள்’. அவ்வளவுதான். கதறுவதற்கு முன்னாலும் பின்னாலும் எங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கிறது அண்ணா.

வஜிஹா கண்ணில் படாமல் புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சுக்ரா

*

சென்னை - 14
23.8.1989

பிரியமுள்ள சுக்ராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். மாதம் தவறாமல் வாசகர் கடிதம் வருகிறது. இவ்வளவு நேராக யாரும் என்னைத் திட்டியதில்லை. உனக்கு அந்த உரிமை உண்டு, திட்டு.

ஆனால் என் பக்கத்தையும் கேள். தொண்ணூற்றாறு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் ‘காரணம் தெரியவில்லை’ என்று முடித்தால் எடிட்டர் கட்டோடு என் முகத்தில் விட்டெறிவார். வாசகன் யாரைச் சந்தேகப்படமாட்டானோ அவள்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும். முதலில் விழுந்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? அதனால் அவள். தச்சன் மரத்தைப் பார்ப்பதுபோல்தான் நான் பார்த்தேன், வஜிஹாவை நினைத்து அல்ல. எழுதும்போது கண்முன்னால் ஒரு முகம் வேண்டியிருக்கிறது. தெரிந்த பிள்ளையின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர் எதையாவது போட்டேனா பார்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் நடக்காது. மாத நாவலின் ஆயுசு ஒரு மாதம். அடுத்தது வந்ததும் இதைக் கிழித்து வேர்க்கடலை மடிப்பார்கள்.

டாக்டர் விஷயத்தை நான் மறக்கவில்லை. ராயப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் உன் கடிதத்தையே படித்துக் காட்டினேன். “பிள்ளையைப் பார்க்காமல் என்னத்தைச் சொல்ல?” என்றார். அழைத்துக்கொண்டு வா. என் வீட்டில் தங்கலாம். பஷீர் மச்சானிடம் நான் சொன்னதாகச் சொல்.

அதாவுல்லா

*

கெலமங்கலம்
16.9.1989

அண்ணனுக்கு,

வேர்க்கடலை மடிக்க யாரும் அதைக் கிழிக்கவில்லை. கம்பெனி வேனிலேயே ஒரு பிரதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அட்டை போய், முதல் தாள் போய், கடைசிப் பக்கங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றனவாம். வேன் ஓட்டுகிற ஆஞ்சப்பன் வீட்டுக்கே வந்து சொன்னார். “பொண்ணுங்க சத்தமாப் படிச்சு சிரிக்கிறாங்கம்மா. பாப்பா சன்னல் பக்கம் திரும்பிக்குது. எனக்கு வண்டி ஓட்டவே மனசு வரலை” என்றார்.

நான் ஒளித்து வைத்தது வீண். வஜிஹா வேனிலேயே படித்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “மாமாவுக்கு என்மேல என்னம்மா கோபம்?” என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்? தொழில் என்று சொல்லட்டுமா? தச்சன், மரம் என்று சொல்லட்டுமா?

இப்போது அவள் தனியாகச் சாப்பிடுகிறாள். முன்பெல்லாம் நான் போட்டுக் கொடுக்கிற எலுமிச்சை ஊறுகாய்க்கு அந்தப் பெண்கள் அடித்துக்கொள்வார்கள். எனக்கே பாதி பாட்டில் மிஞ்சாது. இப்போது அப்படியே திரும்பி வருகிறது. சூப்பர்வைசர் கன்னடத்துக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. யாரோ கதை சொல்லியிருக்கிறார்கள். தன் பெயரும் அதில் அடிபடுகிறதே என்று பயந்து இவளை மூலையில் தனி மேஜைக்கு மாற்றிவிட்டார். போன வாரம் அங்கே விழுந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் பார்க்க நேரமாகிவிட்டது. கையிலிருந்த பற்றவைப்புக் கம்பி முழங்கையைச் சுட்டிருக்கிறது.

இதெல்லாம் அவள் அத்தா காதுக்கும் போய்விட்டது. மண்டியில் ஒருவர், “சொந்த மாமனே எழுதியிருக்கான்னா சும்மாவா எழுதுவான் பாய்?” என்று கேட்டிருக்கிறார். வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, “அந்த வூட்டுக்கு இனிமே ஒரு கடுதாசியும் போகக்கூடாது. ராயப்பேட்டையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்” என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

பதில் போடுவதானால் பக்கத்து வீட்டு ஜெபசீலி டீச்சர் விலாசத்துக்குப் போடுங்கள். கீழே எழுதியிருக்கிறேன்.

சுக்ரா

*

சென்னை - 14
27.9.1989

சுக்ரா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எழுத உட்கார முடியவில்லை. அடுத்த நாவலுக்கு எடிட்டர் ஆள் அனுப்புகிறார். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சும்மா இருக்கவில்லை. நேற்று அவரோடு சண்டை போட்டு அக்டோபர் இதழில் ஓர் அறிவிப்புக்கு இடம் வாங்கிவிட்டேன். நானே எழுதிக் கொடுத்தேன். ‘ஏழாவது மயக்கம் முழுக்க முழுக்கக் கற்பனை. ஓசூர், கெலமங்கலம் வட்டாரத்தில் உள்ள எந்தப் பெண்ணையும் குறிப்பிடுவது அல்ல.’ கட்டம் கட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். வேனில் எல்லாரும் படிக்கட்டும். மச்சானிடமும் காட்டு.

பிள்ளையிடம் சொல். மாமாவுக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை. அவள் பிறந்தபோது காதில் பாங்கு சொன்னதே நான்தான். முழங்கைக் காயத்துக்கு என்ன போட்டாய்?

அதாவுல்லா

*

கெலமங்கலம்
20.11.1989

அண்ணனுக்கு,

உங்கள் அறிவிப்பு வந்தது. கதையில் நீங்கள் ஊர்ப் பெயரே போடவில்லை. அதில்தான் முதல்முதலாகப் போட்டீர்கள். அதுவரை சந்தேகப்பட்டவர்கள் அதற்கப்புறம் சந்தேகப்படவில்லை.

இப்போது எழுதுவது அதைப் பற்றி அல்ல. நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். வஜிஹாவின் அத்தா புளி எடுக்க ஜவளகிரிப் பக்கம் போயிருக்கிறார். உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

வெள்ளையம்மா வந்திருந்தாள். முனிரத்னாவின் அம்மா. முனிரத்னா, வஜிஹாவுக்கு அடுத்த ஸ்டூல், இரண்டாவதாக விழுந்தவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. தீபாவளியிலிருந்து அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலும் வரவில்லை. கஞ்சியை வாயில் ஊற்றினால் விழுங்குகிறது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, “நரம்புல ஒன்னுமில்ல, கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். வஜிஹாவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கண்ணு, நான் போலீசுக்குப் போகமாட்டேன். கம்பெனியில சொல்லமாட்டேன். உன்ன ஒருத்தரும் ஒன்னும் பண்ணாம நான் பாத்துக்கறேன். என்ன போட்டேன்னு மட்டும் சொல்லிடு. சொன்னா முறிவு குடுத்துடலாம்னு வைத்தியரு கோவிந்தப்பன் சொல்றாரு. எந்த விஷம்னு தெரியாம குடுக்கக் கூடாதாம்.”

“அக்கா, அந்த ஊறுகாயப் போட்டதே நான்தான். இவளும் அதத்தான் தின்னா” என்றேன்.

“தெரியும்மா. உன்ன நான் ஒன்னும் சொல்லல. ஆனா உங்கண்ணன் நடந்தத ஒன்னுவிடாம எழுதியிருக்காரே. அத்தனையும் நெசமா எழுதினவரு, கடைசிய மட்டும் பொய்யாவா எழுதுவாரு?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் மறுபடியும் வஜிஹா பக்கம் திரும்பிவிட்டாள். “டாக்டருங்க எல்லாம் ஒன்னுமில்லன்றாங்க கண்ணு. ஒன்னுமில்லன்னா நான் எதுக்கு மருந்து குடுக்கறது? உங்கிட்டதான் கேக்க முடியுது. வேற யாருகிட்ட போயிக் கேப்பேன்?” அழக்கூட இல்லை அண்ணா. புளி என்ன விலை என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

வஜிஹா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “ஆமா அத்தை. ஊமத்தை வெத. நான்தான் அரைச்சுப் போட்டேன்” என்றாள்.

வெள்ளையம்மா அவள் உள்ளங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து ஓடினாள். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

நான் வஜிஹாவை அறைந்துவிட்டேன். “ஏண்டி அப்படிச் சொன்னே? நீ எங்கேடி ஊமத்தையப் பாத்தே?” என்று கேட்டேன்.

“இல்லேன்னு சொன்னா அவங்க என்னம்மா பண்ணுவாங்க? சும்மா வூட்டுக்குத்தானே போவாங்க” என்றாள்.

சுக்ரா

*

கிருஷ்ணகிரி
4.12.1989

சுக்ரா,

இதை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஜன்னல் கதவு லேசாகத் திறந்து மூடியதைப் பார்த்தேன். நீயா, வஜிஹாவா என்று தெரியவில்லை. மச்சான் வாசலில் நின்றுகொண்டார். ஸலாம் சொன்னேன், பதில் சொன்னார், வழி விடவில்லை. “புள்ள தூங்குது. நீங்க கெளம்புங்க” என்றார். அவர் சட்டையைப் பிடித்திருந்தால்கூட எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

நேராக வெள்ளையம்மா வீட்டுக்குப் போனேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சென்னையிலிருந்தே கிளம்பி வந்தேன். வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்த வைத்தியர் கோவிந்தப்பனும் இருந்தார். நான்தான் விஜயதீபன், அந்தக் கதையை எழுதியவன், ஊமத்தை, ஊறுகாய், சூப்பர்வைசர் எல்லாம் என் மேஜையில் உட்கார்ந்து நான் இட்டுக்கட்டியது, அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

வெள்ளையம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். “மருமகளுக்காக சொல்றீங்க. எந்தத் தாய்மாமனும் சொல்லுவாருங்க. நாங்க அத மனசுல வெச்சுக்கல” என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என்மேல் அவர்களுக்குக் கோபமே இல்லை. உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் என்ற மரியாதைகூட இருந்தது. “நீங்க எழுதலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சேயிருக்காதுங்க” என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் நடந்து வந்தாள். மருந்து கொடுத்து வாந்தி எடுத்தாளாம், காலில் சுரணை வந்துவிட்டதாம். என்ன பச்சிலை என்று வைத்தியரைக் கேட்டேன். சிரித்தார்.

கொடுக்காத விஷத்துக்கு முறிவு எப்படி வேலை செய்யும்? ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கதைகளில் எத்தனையோ பேரை எப்படியெப்படியோ சாகடித்திருக்கிறேன், இதற்கு ஒரு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் நடப்பதைப் பார்த்தபின், ‘பொய், பொய்’ என்று இன்னொரு தடவை சொல்ல வாயும் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும்? நீ சொல். ஜமாஅத்தில் வந்து குர்ஆன் மேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

அதாவுல்லா

*

கெலமங்கலம்
22.1.1990

அண்ணனுக்கு,

ஜன்னலைத் திறந்தது நான்தான். வஜிஹா உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சத்தியம் ஒன்றும் செய்ய வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முனிரத்னா எழுந்ததைப் பார்த்ததும் மற்றப் பெண்களின் வீட்டாரும் கோவிந்தப்பனிடம் ஓடினார்கள். எல்லாருக்கும் அதே மருந்து, அதே வாந்தி. ஒவ்வொருத்தியாக எழுந்துவிட்டார்கள். கை உதறுவதில்லை, விழுவதில்லை. பொங்கல் முடிந்ததிலிருந்து வேன் பழையபடி நிறைந்து போகிறது. கம்பெனியிலும் நிம்மதி. தண்ணீரிலும் இல்லை, புகையிலும் இல்லை, ஒரு பெண்ணின் பொல்லாத்தனம்தான் என்று ஆகிவிட்டதே. வஜிஹாவை நிறுத்திவிட்டார்கள். போலீஸ் வரைக்கும் போகாமல் விட்டது தங்கள் பெருந்தன்மை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் அத்தாவால் தாங்க முடியவில்லை. ஜமாஅத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்று வெள்ளிக்கிழமை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வஜிஹா கதவை மறித்துக்கொண்டாள்.

“வேணாம்த்தா. பொய்யின்னு தெரிஞ்சா முனிரத்னா மறுபடி விழுந்துட்டா?”

“விழுந்தா நீ என்னடி பண்ணுவே?”

“அதாந்த்தா. நான் ஒன்னும் பண்ண முடியாதில்ல?”

அவர் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஜும்ஆ தொழுகைக்கே போகவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உங்களைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

முனிரத்னா ஒரு தடவை வந்தாள். தெருமுனையில் நின்றுகொண்டு வஜிஹாவைப் பார்த்துக் கையசைத்தாள். இவளும் அசைத்தாள். அம்மா திட்டுவாள் என்று போய்விட்டாள்.

நான் வஜிஹாவை கோவிந்தப்பனிடம் அழைத்துக்கொண்டு போனேன். ஆமாம், நானும் போனேன். எல்லாருக்கும் கேட்ட மருந்து இவளுக்கும் கேட்காதா என்றுதான். அவர் நாடியைக்கூடப் பார்க்கவில்லை. “திங்காதவளுக்கு எதுக்கும்மா முறிவு? இவ போட்டவதானே” என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். ஓசூர் டாக்டரிடம் போனால், “அந்தக் கேஸ்தான் முடிஞ்சுபோச்சே” என்கிறார். பள்ளிவாசல் ஹஜ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அது ஒன்றுதான் யாரும் எதுவும் கேட்காமல் கொடுத்தது. ராயப்பேட்டைக்கு அவள் அத்தா விடமாட்டார். விட்டாலும், பார்த்தபின் அந்த டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

முன்பு வாரத்துக்கு ஒரு தடவை விழுந்துகொண்டிருந்தாள். இப்போது அப்படி இல்லை, அடிக்கடி.

நேற்றுக் காலையில் தெருக் குழாயடியில் விழுந்தாள். குடம் உருண்டு போனது. வரிசையில் நின்ற பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். “யாருமில்லாதப்ப விழறதில்ல பாரு” என்று ஒருத்தி சொன்னாள். யாரோ சிரித்தார்கள். சத்தம் கேட்டு நான் வீட்டிலிருந்து ஓடினேன். குழாய் அவள் முகத்துக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் போய்த்தான் குழாயை மூடினேன்.

சுக்ரா